‘இது வியாதி, என் கையில் இல்லை’ என்கிறார் என் கணவர்

கேள்வி: எனக்கு 33 வயது. திருமணமாகி 7 வருடம். ஒரு பெண் குழந்தை. என் கணவர் இரவில் ஆபாசப் படம் பார்க்கிறார் என்பது 5 மாதங்களுக்கு முன்னால் தெரியவந்தது. குழந்தைக்குக் கார்ட்டூன் போட்டுக்கொடுக்க அவர் போனை எடுத்தபோது பார்த்துவிட்டேன். முதலில் ‘ஏதோ விளம்பரம் தானாக வந்துவிட்டது’ என்றார். அப்புறம் ‘எப்போதாவது’ என்றார். மூன்றாவது வாரம், ‘கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு’ என்று ஒப்புக்கொண்டார். போன மாதம் ஒரு மருத்துவர் பேசும் வீடியோவைக் காட்டி, ‘பார், இது வியாதி. மூளையே சுருங்கிவிடுகிறதாம். என் கையில் இல்லை’ என்கிறார். அன்றிலிருந்து நானும் இதைப் பற்றியே படிக்கிறேன், பார்க்கிறேன். இதனால் விவாகரத்து இரட்டிப்பாகிறது என்று ஒரு கட்டுரை. ஒரு வெப் சீரிஸில் இப்படித் தொடங்கும் கணவன் கடைசியில் குற்றவாளியாகிறான். இன்னொன்றில் மனைவி தன்னைக் கவனித்துக்கொள்ளாததால்தான் அவன் அங்கே போனான் என்று காட்டினார்கள். குழந்தை பிறந்த பிறகு நானும் முன்போல் இல்லை. அவர் உண்மையிலேயே அடிமையா? காரணம் நானா? இப்போதே விலகிவிடுவது நல்லதா? அவர் தூங்கிய பிறகு அவர் போனிலிருந்து 41 ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள், அதில் உங்கள் கணவர் பேசுவது நாலே வரி. மீதி இடத்தில் வீடியோவில் வந்த மருத்துவர் பேசுகிறார், கட்டுரை எழுதியவர் பேசுகிறார், வெப் சீரிஸ் எடுத்தவர் பேசுகிறார். உங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். இந்த ஐந்து மாதத்தில் அங்கே ஒரு கூட்டமே குடியேறிவிட்டது. அவர்களை ஒவ்வொருவராக வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம். அப்புறம் உங்கள் இருவரைப் பற்றிப் பேசலாம்.

முதலில் அந்த மூளை வீடியோ. அதை நான் பார்க்கவில்லை. ஆனால் ‘மூளை சுருங்குகிறது’ என்ற பேச்சு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2014-ல் பெர்லினில் சைமோன் கூன், யூர்கன் கல்லினாட் என்ற இரு ஆய்வாளர்கள் 64 ஆண்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வாரத்தில் அதிக நேரம் ஆபாசப் படம் பார்ப்பதாகச் சொன்னவர்களுக்கு, ஆசை, ஊக்கம் சம்பந்தப்பட்ட ஒரு சிறு பகுதியின் அளவு குறைவாக இருந்தது. அந்த 64 பேரும் சிகிச்சை தேடி வந்தவர்கள் அல்ல, சாதாரண ஆட்கள். ஸ்கேன் எடுத்ததும் ஒரே ஒரு தடவை. ஒரு போட்டோவில் ஒருவர் ஒல்லியாக இருக்கிறார் என்பதற்காக ‘இளைத்துவிட்டார்’ என்று சொல்ல முடியுமா? பழைய போட்டோ ஒன்று வேண்டாமா? பார்த்துப் பார்த்து அந்தப் பகுதி குறைந்ததா, இல்லை முதலிலிருந்தே அது சிறிதாக இருப்பவர்களுக்கு இதில் நாட்டம் அதிகமா என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே இரண்டுக்கும் இடம் வைத்துத்தான் எழுதினார்கள். அது செய்தியானபோது ஒரு பாதி காணாமல் போய்விட்டது.

சரி, மூளை கிடக்கட்டும். வியாதியா இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று அதில் ஒன்று உண்டு. ஆபாசப் படத்தை விட முடியாமல் தவிப்பதும் அதற்குள் வரலாம். ஆனால் மது, சூதாட்டம், வீடியோ கேம் எல்லாம் இருக்கிற அடிமைப் பழக்கங்களின் வரிசையில் அதை வைக்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகள் என்று தனி வரிசை இருக்கிறது, அங்கே வைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ 2013-ல் தன் கையேட்டைத் திருத்தியபோது, இப்படி ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்துவிட்டுச் சேர்க்காமலே விட்டது. டிவியில் உட்கார்ந்து ‘அடிக்‌ஷன்’ என்று சொல்வது சுலபம். எங்கள் மனநலத் துறைக்குள் அந்தச் சொல்லைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டை எதுவானாலும், அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எத்தனை தடவை பார்க்கிறார், எத்தனை மணி நேரம் பார்க்கிறார் என்று அது எண்ணச் சொல்லவில்லை. ஆள் விட நினைத்து விட முடியாமல் போகிறதா, வேலை, உடம்பு, குடும்பம் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு அதுவே வாழ்க்கையின் நடுவில் உட்கார்ந்துவிட்டதா, அதில் சுகமே இல்லாமல் போன பிறகும் தொடர்கிறதா, இது ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா என்றுதான் கேட்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வைக்கிறது. ‘தப்புச் செய்கிறோமே’ என்ற குற்ற உணர்ச்சி ஒன்றினால் மட்டுமே வருகிற தவிப்பை இந்தக் கோளாறு என்று சொல்லக் கூடாது.

இந்தக் கடைசி வரி வெறும் சம்பிரதாயம் அல்ல. ஜோஷுவா க்ரப்ஸ் என்ற உளவியலாளர் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்கிறார். ‘நான் அடிமை’ என்று ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பது, அவர் எவ்வளவு பார்க்கிறார் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அவர் அதை எவ்வளவு பாவமாக நினைக்கிறார் என்பதற்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களிலும் இதைப் பார்க்கிறேன். மாதம் இரண்டு தடவை பார்த்துவிட்டு ‘நான் அழிந்துவிட்டேன்’ என்று அழுதவர் இருக்கிறார். விடிய விடியப் பார்த்து வேலையே போய்விட்ட நிலையிலும் ‘எல்லா ஆம்பளைங்களும் பார்க்கிறதுதானே’ என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவரும் இருக்கிறார்.

உங்கள் கணவர் இதில் எந்தப் பக்கம் என்று கடிதத்தை வைத்து நான் சொன்னால் அது ஜோசியம். நேரில் உட்கார்ந்து அவரிடம் கேட்க வேண்டியது அது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. ‘இது வியாதி, என் கையில் இல்லை.’ வியாதி என்றே வைத்துக்கொள்வோம். சர்க்கரை வியாதி என்று தெரிந்த மறுநாள் ஒருவர் என்ன செய்கிறார்? வைத்தியம் பார்க்கப் போகிறார். ‘எனக்குச் சர்க்கரை, அதனால் இனிப்பு டப்பாவை மூட முடியாது’ என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் கணவர் சொன்னது பாதி வாக்கியம். ‘அதனால் இன்னாரைப் போய்ப் பார்க்கப் போகிறேன், நீயும் வருகிறாயா’ என்ற மீதிப் பாதிக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள். அந்தப் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அதே சமயம், அந்த வீடியோவை அவர் உங்களிடம் கொண்டுவந்து காட்டினாரே, அதையும் தள்ளிவிடாதீர்கள். அது தப்பிப்பதற்கான சாக்காக இருக்கலாம். தன் வாயால் சொல்ல வெட்கப்பட்டதை வேறொருவர் வாயால் சொல்ல வைத்ததாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பதுதான் வழக்கம்.

அடுத்து விவாகரத்துக் கட்டுரை. அமெரிக்காவில் ஒரே ஆட்களைச் சில வருட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பேட்டி எடுக்கும் பெரிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு. சாமுவேல் பெரி என்ற சமூகவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவரும் 2006-லிருந்து 2014 வரையிலான அதன் விவரங்களை எடுத்து அலசினார்கள். இரண்டு பேட்டிகளுக்கு இடையில் புதிதாக ஆபாசப் படம் பார்க்கத் தொடங்கியவர்களில், அடுத்த பேட்டிக்குள் விவாகரத்து ஆகும் வாய்ப்பு 11 சதவீதம். தொடங்காதவர்களில் 6 சதவீதம். 6-க்கு 11 ஏறக்குறைய இரண்டு மடங்குதான், தலைப்பில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பார்க்கத் தொடங்கிய 100 பேரில் 89 பேரின் திருமணம் அந்தக் காலத்தில் முறியவில்லை. ‘89 பேர் சேர்ந்தே இருக்கிறார்கள்’ என்று யாராவது தலைப்பு வைப்பார்களா?

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைத்தான் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஆரம்பத்தில் ‘எங்கள் திருமணம் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது’ என்று சொன்னவர்களிடம்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஏற்கெனவே அவ்வளவு சந்தோஷமாக இல்லாதவர்களிடம் தெரியவில்லை. எதிர்பாராத ஓர் உண்மை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டை உலுக்கிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நீங்கள் கார்ட்டூன் போட எடுத்த போனில் பார்த்த அந்த நிமிடம் இருக்கிறதே, அதுதான் அந்த உலுக்கல்.

இதனால் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிட வேண்டாம். 2017-ல் ஐம்பது ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆபாசப் படம் அதிகம் பார்க்கும் ஆண்களுக்கு உறவில் திருப்தி சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. பார்ப்பதால் திருப்தி குறைகிறதா, திருப்தி இல்லாததால் பார்க்கிறார்களா என்று கேட்டால், என் அனுபவத்தில் அது சுற்றிச் சுற்றி வரும் வண்டிச்சக்கரம். எங்கே தொடங்கியது என்று தேடுவதைவிட எங்கே நிறுத்துவது என்று பார்ப்பது உபயோகம்.

இப்போது உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. காரணம் நானா?

இதற்கு நான் பதில் தேட வேண்டியதே இல்லை. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாலேயே தொடங்கிய ஒன்றுக்கு, குழந்தை பிறந்த பிறகு மாறிய உங்கள் உடம்பு எப்படிக் காரணமாகும்? தேதியே ஒத்துவரவில்லை.

‘மனைவி அழகாக இருந்தால் கணவன் ஏன் அங்கே போகிறான்’ என்ற கதையைச் சினிமாவும் சீரியலும் விடவே மாட்டேன் என்கின்றன. அவற்றுக்கு அது வசதி. ஒரே பாட்டுக்குள் மனைவி தலையலங்காரத்தை மாற்றி, புடவையை மாற்றி, இரண்டாம் பாதியைச் சுபமாக முடித்துவிடலாம். உள்ளே நடப்பது வேறு. தனிமை, சலிப்பு, வேலையில் பட்ட அவமானம், தூக்கம் வராத இரவு, இப்படி ஏதோ ஒன்று அழுத்தும்போது ஒருவர் கை நீட்டும் இடம் அது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், யாரையும் சமாதானப்படுத்த வேண்டாம், நிராகரிக்கப்படும் பயமும் இல்லை. பதினாறு, பதினேழு வயதில் கை அந்தப் பக்கம் போகப் பழகிவிட்டால், பின்னால் பக்கத்தில் யார் படுத்திருந்தாலும் பழகிய பக்கமே போகும். அங்கே உங்களுக்குப் போட்டியாக எந்தப் பெண்ணும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1989-ல் ஓர் ஆய்வு வந்தது. பத்திரிகையில் வரும் நிர்வாணப் படங்களைப் பார்த்த ஆண்களுக்குத் தங்கள் துணைமீது உள்ள ஈர்ப்பும் அன்பும் குறைந்ததாக அது சொன்னது. ‘ஒப்பிட்டுப் பார்ப்பான், மனம் மாறுவான்’ என்பதற்கு ஆதாரமாகப் பல வருடங்கள் அதையே காட்டினார்கள். 2017-ல் வேறு ஆய்வாளர்கள் அதே பரிசோதனையை இன்னும் அதிகமான ஆட்களை வைத்து மூன்று தடவை செய்து பார்த்தார்கள். அந்த விளைவு வரவே இல்லை. முதல் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

குற்றவாளியாகும் கணவன் கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு எபிசோடு ஓட வேண்டும், ஒவ்வொன்றின் முடிவிலும் திடுக்கிட வைக்க வேண்டும். நிஜத்தில் என் அறைக்கு வருகிற கதையை எடுத்தால் ஒரு எபிசோடுக்குமேல் யாரும் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு மந்தமாக இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவரிடம் தனியாக, ‘பார்த்து முடித்த பிறகு என்ன செய்வீர்கள்’ என்று கேட்டேன். ‘முகம் கழுவிட்டு வந்து, கட்டில் ஆடாம மெதுவா ஓரத்துல படுப்பேன் சார். அவ எழுந்துடக் கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்குவேன்’ என்றார். மனைவியிடம் தனியாகப் பேசினேன். ‘குழாய்ச் சத்தத்துலயே முழிச்சுடுவேன் சார். அவர் படுத்த அப்புறம் நான் முழிச்சிருக்கறது தெரியக் கூடாதேன்னு அசையாம கிடப்பேன்’ என்றார். இப்படி எட்டு மாதம். ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு. பகலில் போன் மேஜைமேல் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். அவர் பாத்ரூமுக்குப் போனால் இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் தொட்டுப் பேசுவதே நின்றுபோனது. அவர்கள் வீட்டில் அதிகம் சேதம் செய்தது படங்களா, இந்த நடிப்பா என்று கேட்டால் நான் நடிப்பைத்தான் சொல்வேன்.

உங்கள் கடிதத்திலும் எனக்கு அதிகம் வலித்த இடம் அதுதான். ‘விளம்பரம் வந்துவிட்டது’, ‘எப்போதாவது’, ‘கல்யாணத்துக்கு முன்பிருந்தே’. உண்மை உங்களுக்குத் தவணை முறையில் வந்திருக்கிறது. ஒவ்வொரு தவணையும் ஒரு புதுக் காயம். அதைவிட மோசம், மூன்றாவதுதான் கடைசித் தவணையா என்று உங்களுக்குத் தெரியாது. இரவில் தூக்கம் கெட்டு நீங்கள் தேடுவதெல்லாம் நாலாவது தவணையைத்தான்.

அதனால் முதலில் ஆக வேண்டியது, முழு உண்மை ஒரே தடவையில் வெளியே வருவது. முடிந்தால் ஓர் ஆலோசகர் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு அடிக்கடி, பணம் செலவானதா, திரைக்கு அந்தப் பக்கம் நிஜ ஆட்களுடன் பேச்சோ தொடர்போ இருந்ததா, சட்டத்துக்குப் புறம்பானது ஏதாவது உண்டா. இவ்வளவும் உங்களுக்குத் தெரிய வேண்டியவை. எந்தப் படம், எப்படிப்பட்ட காட்சி, அதில் இருந்தவள் எப்படி இருந்தாள் என்பதைக் கேட்காதீர்கள். கேட்டால் அவர் சொல்லியும் விடுவார். அப்புறம் அந்தக் காட்சி உங்கள் தலைக்குள் ஓட ஆரம்பிக்கும், அதை அழிக்க எந்தப் பொத்தானும் கிடையாது.

இந்தப் பேச்சை எப்போது வைப்பது? ராத்திரி வேண்டாம், படுக்கையில் வேண்டவே வேண்டாம். குழந்தை வீட்டில் இல்லாத ஒரு பகல் நேரம் பாருங்கள். ‘நீங்க ஏன் இப்படி’ என்று தொடங்கினால் அவர் வக்கீலாகிவிடுவார். ‘அஞ்சு மாசமா எனக்குத் தூக்கம் இல்லை. நீங்க பார்த்ததைவிட, மூணு தடவை மாத்திச் சொன்னதுதான் எனக்குத் தாங்கலை. இனிமே எதையும் நானா கண்டுபிடிக்கக் கூடாது, நீங்களாச் சொல்லணும்’ என்ற மாதிரி ஏதாவது. உங்கள் சொந்த வார்த்தையில், உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். இதை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள்.

அவர் செய்ய வேண்டியது நிறைய. அதை அவர்தான் செய்ய வேண்டும். போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். தடுப்பு ஆப் போட விரும்பினால் அவரே போட்டுக்கொள்ளட்டும், அதன் பாஸ்வேர்டை நம்பிக்கையான ஒரு நண்பரிடம் கொடுக்கட்டும். உங்களிடம் வேண்டாம். நீங்கள் சாவிக்கொத்து வைத்திருக்கும் ஜெயிலராக மாறினால் அவர் கைதியாகிவிடுவார், கைதிக்கு எப்போதும் சுரங்கம் தோண்டுவதில்தான் புத்தி போகும். உங்களுக்கும் காவல் காப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

உந்துதல் வரும்போது என்ன செய்வது என்பதற்கு ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் ஓர் உத்தி சொன்னார். போதைப் பழக்கங்களுக்காக உருவானது, இங்கும் பயன்படுகிறது. உந்துதல் ஓர் அலை. எழும்பும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல், அதன் பின்னாலும் ஓடாமல், ‘இதோ ஏறுகிறது, இதோ நெஞ்சு படபடக்கிறது’ என்று கவனித்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். முதல் சில தடவை நரகம்போல இருக்கும் என்று என்னிடம் வந்த ஒருவர் சொன்னார். பத்தாவது தடவைக்குள் அலைமீது நம்பிக்கை வந்துவிட்டதாம்.

இணையத்தில் ‘90 நாள் பார்க்காமல் இருந்தால் மூளை புதுசாகிவிடும்’ என்று ஒரு சவால் சுற்றுகிறது. உங்கள் கணவர் கண்ணிலும் பட்டிருக்கும். 90 என்ற எண்ணுக்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. நாள் எண்ணுவதில் வேறொரு வம்பும் உண்டு. 34-வது நாள் சறுக்கினால் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்று அன்றிரவே விடிய விடியப் பார்த்துவிடுவார்கள். சறுக்கலைவிட, சறுக்கியதும் வருகிற இந்த ‘எல்லாம் போச்சு’தான் ஆளைக் கவிழ்க்கிறது என்றும் மார்லட் எழுதியிருக்கிறார். 33 நாள் இருந்தது பொய்யாகிவிடுமா? 34-வது நாள் என்ன நடந்தது, யார் திட்டினார்கள், எவ்வளவு நேரம் தனியாக இருந்தார் என்று பார்ப்பதில்தான் வைத்தியம் இருக்கிறது.

வைத்தியம் என்றால், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சைதான் பிரதானம். இதற்கென்றே தனியாக ஒரு மாத்திரை கிடையாது. ஆனால் உள்ளே மனச்சோர்வோ பதற்றமோ ஒளிந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு, அது சரியானால் இதுவும் ஓரளவு அடங்கலாம். ஆகவே முதலில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. போகும் இடத்தில் முதல் சந்திப்பிலேயே மூளைப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி, மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விலகுவதா என்று கேட்டீர்கள். சில வீடுகளில் என் பதில் உடனே ‘ஆம், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்’ என்பதுதான். படத்தில் பார்த்ததைச் செய்யச் சொல்லி வற்புறுத்துவது, மறுத்தால் கை நீட்டுவது, உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் படம் எடுப்பது, குழந்தைகள் சம்பந்தப்பட்ட எதையும் பார்ப்பது. இவை நடந்தால் அங்கே அடிமையா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. அது வன்முறை, அது குற்றம். ஆலோசகரைத் தேடும் முன் சட்டத்தின் உதவியைத் தேட வேண்டியவை. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதத் தயங்கி விட்டிருந்தால், தயவுசெய்து நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு கட்டுரையின் சதவீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நாலு மாதம் பாருங்கள். அவர் எத்தனை நாள் பார்க்காமல் இருந்தார் என்று எண்ண வேண்டாம். சறுக்கியபோது நீங்கள் கண்டுபிடிக்கும் முன்னால் அவராக வந்து சொன்னாரா? சிகிச்சைக்கான நேரத்தை அவரே வாங்கினாரா, நீங்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்ததா? உங்கள் கோபத்தை இரண்டு நிமிடமாவது குறுக்கே பேசாமல் கேட்டாரா? இவற்றுக்கெல்லாம் பதில் ‘இல்லை’ என்றே வந்துகொண்டிருந்தால், அப்போது நீங்கள் எடுக்கும் முடிவு உங்களுடைய முடிவாக இருக்கும். எந்த சீரிஸிலிருந்தும் எடுத்ததாக இருக்காது. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

இடையில் நீங்களும் தனியாக ஒருவரிடம் பேசுங்கள். அவருடைய சிகிச்சைக்குத் துணையாகப் போவது வேறு, இது வேறு. ஐந்து மாதமாகத் தூங்காதவர் நீங்கள்.

கடைசியாக அந்த 41 ஸ்கிரீன்ஷாட். வழக்கு, பாதுகாப்பு என்று ஏதாவது காரணத்துக்காக அவை தேவைப்படலாம் என்று உங்கள் மனம் சொன்னால், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் போனில் வைத்திருக்க வேண்டாம், என்றாவது குழந்தை கார்ட்டூன் பார்க்க அதையும் கேட்கும். அப்படி எந்தத் தேவையும் இல்லையென்றால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அவர் தூங்கிய பிறகு, போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அந்த 41-ஐயும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறீர்களா? பார்க்கிறீர்கள் என்றால், அவரிடம் பேசப்போகும் அந்தப் பகல் நேரத்தில், ‘என்கிட்டயும் ஒண்ணு இருக்கு’ என்று இதையும் சொல்லிவிடுங்கள். அழிப்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.